வெள்ளை மாளிகை அணிலும் மொட்டை மாடிக் குழியும்

கோல்ஃப் என்றதும் நமக்கு என்ன ஞாபகம் வரும்? வெள்ளை பேண்ட், தொப்பி, பின்னால் பை தூக்கிக்கொண்டு ஒரு பையன், கண்ணுக்கெட்டிய தூரம் வரை புல்வெளி. நம் சினிமாவில் ஹீரோயினின் அப்பா இந்த ஆட்டம்தான் ஆடுவார்... ஹீரோவிடம் பிளாங்க் செக் நீட்டுவதற்கு ஐந்து நிமிஷம் முன்னால்!

அந்த ஆட்டத்தில் ஒரு துண்டை மட்டும் வெட்டி எடுத்து வீட்டுக்குள் வைத்துக்கொள்ளலாமே என்று ஓர் ஆசை இப்போது நிறையப் பேருக்குக் கிளம்பியிருக்கிறது. பெரிய அதிகாரிகளின் கேபினில் ஒரு மூலையில் பச்சைப் பாய் ஒன்று சுருட்டி வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதையே பெரிசாக, மொட்டை மாடியில் நிரந்தரமாகப் போட்டுவிட்டால்? ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், கையில் காபி, காலடியில் பச்சை, எதிரே ஒரு குழி. நினைத்தாலே நமக்கும் மானேஜிங் டைரக்டர் களை வந்துவிடுகிறது.

வரட்டும். அதற்கு முன்னால் அந்தப் பச்சையின் அடியில் என்ன இருக்கிறது என்று கொஞ்சம் தோண்டிப் பார்த்துவிடுவோம்.

பட்டர் என்றால் கோயில் பட்டர் இல்லை

கோல்ஃப் மைதானத்தில் 18 குழிகள். ஒவ்வொரு குழியைச் சுற்றியும், மொட்டை போட்ட ஒரு வாரத்தில் முளைக்கிற முடி மாதிரி ஒட்ட வெட்டிய புல்தரை இருக்கும். அதற்குத்தான் கிரீன் என்று பெயர். பந்து அங்கே வந்து சேர்ந்தபின் யாரும் ஓங்கி அடிப்பதில்லை. பட்டர் என்ற மட்டையால் (வெண்ணெயும் இல்லை, கோயில் பட்டரும் இல்லை!) லேசாகத் தட்டி உருட்டுவார்கள். இந்த உருட்டலுக்கு 'பட்டிங்' என்று பெயர்.

குழியின் வாய் நாலேகால் அங்குலம், அதாவது 108 மில்லிமீட்டர். ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் கிளப் 1891-ல் இந்த அளவைச் சட்டமாக்கியது. வீட்டில் பழைய சி.டி. இருந்தால் எடுத்துப் பாருங்கள். அதைவிட ஒரு சுற்றுச் சின்னது. பந்தின் குறுக்களவு சுமார் 43 மில்லிமீட்டர். ஆக, குழி என்பது இரண்டரைப் பந்து அகலம். கோலிக்குண்டு ஆடி வளர்ந்தவர்களுக்கு இது ஒரு கிணறு மாதிரி தெரியும். தெரியும், அவ்வளவுதான்!

இனிமேல்தான் விஷயம். பெரும்பாலான மைதானங்களில் 18 குழிக்கும் சேர்த்து 72 ஷாட் என்பது கணக்கு. அதில் கிரீனுக்கு வந்து உருட்டுவதற்காகக் குழிக்கு இரண்டு வீதம் 36 ஷாட் ஒதுக்கியிருக்கிறார்கள். சரி பாதி! முந்நூறு கஜம் பறக்கிற அடியும் ஒரு ஷாட்தான், மூன்றடி தூரம் உருட்டுவதும் ஒரு ஷாட்தான். முன்னதற்குத் தோள் வேண்டும், இடுப்பு வேண்டும், பரந்த நிலம் வேண்டும், கிளப் மெம்பர்ஷிப் வேண்டும். பின்னதற்கு ஒரு சமமான தரையும் நடுங்காத கையும் போதும்.

பணக்கார ஆட்டத்தில் ஏழைக்கும் எட்டக்கூடிய பாதி இதுதான். வீட்டுக்குள் நுழையக்கூடிய பாதியும் இதுவே.

ஆபீஸ் வாசலில் ஒரு கிரீன்

வீட்டில் கிரீன் போட்டவர்களில் உலகப் புகழ் பெற்றவர் ஓர் ஆபீஸ்காரர். வீடும் ஆபீஸும் ஒரே காம்பவுண்டில். பெயர் ஐசன்ஹோவர். வேலை... அமெரிக்க ஜனாதிபதி!

இரண்டாவது உலக யுத்தத்தில் ஐரோப்பாவில் நேசப் படைகளை நடத்திய தளபதி. கோல்ஃப் என்றால் உயிர். வெள்ளை மாளிகைக்குக் குடிவந்த அடுத்த வருஷம், 1954-ல், தன் அலுவலக அறையை ஒட்டிய தெற்குப் புல்வெளியில் ஒரு பட்டிங் கிரீன் போட வைத்தார். அமெரிக்க கோல்ஃப் சங்கம் முன்னின்று அமைத்துக் கொடுத்தது. ஃபைல் பார்த்துக் களைத்தால் கதவைத் திறந்து வெளியே போய் நாலு உருட்டு, மறுபடி உள்ளே வந்து நாலு கையெழுத்து. ஆணி வைத்த கோல்ஃப் ஷூவைக் கழற்றாமலே உள்ளே வந்துவிடுவார். பதவி முடிந்து அவர் போன பிறகும் அந்த அறையின் தரையில் ஆணித் தடங்கள் பாக்கி இருந்தன. நம் வீட்டில் செருப்போடு ஹாலுக்குள் வந்தால் என்ன கிடைக்கும் என்று நமக்குத் தெரியும். அவர் ஜனாதிபதி, தப்பித்தார்.

எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. அணில் வரும்வரை.

ராமர் முதுகைத் தடவிக்கொடுத்த நம்மூர் சின்ன அணில் இல்லை. இது கொழுகொழுவென்ற சாம்பல் அணில். கொட்டைகளை மண்ணில் புதைத்து வைத்துப் பிறகு தோண்டி எடுப்பது அதன் சேமிப்புத் திட்டம். வாஷிங்டனிலேயே மிகவும் மெத்தென்ற மண் எது? ஜனாதிபதியின் கிரீன்! புதைத்தது, தோண்டியது, மறுபடி புதைத்தது. தளபதிக்குக் கோபம் தலைக்கேறியது. துப்பாக்கியை எடுத்துச் சுட்டுத் தள்ளு என்று உதவியாளரிடம் சொல்லிவிட்டார். வெள்ளை மாளிகைக்குள் துப்பாக்கிச் சத்தம் கேட்டால் என்ன ஆகும்? பாதுகாப்புக்காரர்கள் பதறிப்போய் அதற்குத் தடை போட்டார்கள். கூண்டு வைத்துப் பிடித்து வேறு இடத்தில் கொண்டுபோய் விடுவது என்று முடிவாயிற்று.

எதிர்க்கட்சி சும்மா இருக்குமா? ஆரிகன் மாநில செனட்டர் ரிச்சர்ட் நியூபெர்கர் 1955-ல் எழுந்து, அணில்களை நாடு கடத்தாதீர்கள், கிரீனைச் சுற்றி ஒரு வேலி போடுங்கள், அதற்கு நிதி திரட்டலாம் என்று ஆரம்பித்துவிட்டார். உலகப் போரை ஜெயித்தவர் அணில் நிவாரண நிதியில் மாட்டிக்கொண்டு முழித்தார்.

பின்னால் வந்த நிக்ஸனுக்கு பௌலிங் ஆட்டத்தில்தான் மோகம். 1969-ல் மாளிகைக்கு அடியில் ஒரு பௌலிங் தளம் கட்டிக்கொண்டார். கிரீன் அவர் காலத்தில் போயிற்று. முந்தைய ஆட்சியின் திட்டத்தை மூடுவது நம் ஊர் வழக்கம் மட்டும்தான் என்று யாரும் வருத்தப்பட வேண்டாம். 1995-ல் கிளின்டன் வந்து, ராபர்ட் ட்ரென்ட் ஜோன்ஸ் ஜூனியர் என்ற மைதான வடிவமைப்பாளரைக் கொண்டு கிரீனைக் கொஞ்சம் தள்ளி மறுபடி போட வைத்தார்.

இந்தக் கதையில் பி.காம். படித்தவன் கண்ணுக்கு ஒன்று பளிச்சென்று தெரியும். கிரீன் போடுவது மூலதனச் செலவு. ஒருமுறை கொடுத்துவிட்டுக் கணக்கை மூடிவிடலாம். அதைக் கிரீனாக வைத்திருப்பது வருவாய்ச் செலவு. தினமும் கொடுக்க வேண்டும். பணமாக, தண்ணீராக, நேரமாக, சில சமயம் அணிலாக. கடைக்காரர் சதுர அடிக்கு இவ்வளவு என்று சொல்வது முதல் செலவை மட்டும்தான். இரண்டாவதை அவர் சொல்ல மாட்டார். அவர் தொழில் அது, தப்பில்லை. கேட்க வேண்டியது நம் வேலை.

பத்து டன் ஆசை

முதலில் அசல் புல். டி.வி.யில் பார்க்கிற மைதானங்களில் கிரீன் என்றால் புல்லைத் தூவிவிட்டுப் போவதில்லை. அமெரிக்க கோல்ஃப் சங்கம் 1960-ல் ஒரு செய்முறை வெளியிட்டது. இன்றைக்கும் அதன் அடிப்படைதான். கீழே தண்ணீர் வடியக் குழாய்கள், அதன் மேல் நாலு அங்குலம் ஜல்லி, அதன் மேல் 12 அங்குலம் பொறுக்கி எடுத்த மணல் கலவை. அப்புறம்தான் புல். ஏன் மணல்? களிமண் என்றால் மழையில் சேறாகும், வெயிலில் கட்டாந்தரையாகும். மணல் என்றால் மிதித்தாலும் இறுகாது, தண்ணீரும் நிற்காது.

இதை மாடியில் போடலாமா? கணக்கு எழுதுவோம். 10 அடிக்கு 15 அடி. அதிகமில்லை, ஒரு பெட்ரூம் அளவு. கிட்டத்தட்ட 14 சதுர மீட்டர். 12 அங்குல மணல் நாலு கன மீட்டருக்கு மேல் வரும். ஈரமானால் சுமார் எட்டு டன். ஜல்லி இன்னும் இரண்டு டன். மொத்தம் பத்து டன். ஆள் நடமாடும் மொட்டை மாடிக்குக் கட்டட விதிகளில் எடுத்துக்கொள்ளும் பாரம் சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ. நம் மணலும் ஜல்லியும் சேர்ந்து சதுர மீட்டருக்கு 700 கிலோவைத் தாண்டும். அதாவது ஐந்து மடங்கு பக்கம். மணல் லாரியையே மாடியில் பார்க் பண்ணிய மாதிரி!

ஹவுஸ் ஓனரிடம் போய்ச் சொல்லிப் பாருங்கள்.

"சார், மாடியில கொஞ்சம் புல் போட்டுக்கறேன்."

"போட்டுக்குங்க தம்பி, நல்லதுதானே. எத்தனை தொட்டி?"

"தொட்டி இல்ல சார். பத்து டன்."

அதோடு வாடகை ஒப்பந்தம் அம்பேல். அந்த சார் செய்வதும் நியாயம்தான். விளையாட்டுக்காகக் கூரையைப் பணயம் வைக்க முடியாது. கீழ்வீட்டில் ஒரு குழந்தை தூங்குகிறது.

ஆக, அசல் புல் வேண்டுமென்றால் சொந்தமாக மண் தரை வேண்டும். சொந்த ஊரில் தோட்டம் இருக்கிறதா? அப்படியானால் மேலே படியுங்கள். அங்கே உங்களுக்கு ஓர் ஆச்சரியம் காத்திருக்கிறது.

பிள்ளையார் புல்

வெயில் நாடுகளில் கோல்ஃப் கிரீனுக்குப் போடுகிற புல்லுக்குப் பெயர் பெர்முடா. பெயரைக் கேட்டால் கப்பலில் வந்த சரக்கு மாதிரி இருக்கிறது இல்லையா? அது வேறு யாரும் இல்லை. நம்ம அருகம்புல்! பிள்ளையாருக்கு மாலையாகப் போட்டு, வாக்கிங் போகிறவர்கள் ஜூஸாகக் குடித்து, வயலில் களை என்று திட்டு வாங்குகிற அதே அருகம்புல். தாவரவியல் பெயர் சைனோடான் டாக்டிலான். அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்து டிஃப்டன் என்ற ஊரில் கிளென் பர்ட்டன் என்ற விஞ்ஞானி இந்த அருகை ஆப்பிரிக்கப் பங்காளிப் புல் ஒன்றோடு சேர்த்து ஒட்டு ரகங்கள் உண்டாக்கினார். 1956-ல் வெளிவந்த 'டிஃப்கிரீன்' அதில் பேர் போனது. இலை மெல்லிசு, வளர்த்தி குட்டை, எவ்வளவு ஒட்ட வெட்டினாலும் தாங்கும். இந்த ஒட்டு ரகத்துக்கு விதை கிடையாது. தண்டைத் துண்டு துண்டாக நட்டுத்தான் பரப்ப வேண்டும்.

அருகம்புல்லுக்கு நம் வெயில் கொண்டாட்டம். நிழல்தான் ஆகாது. பக்கத்து அப்பார்ட்மென்டின் நிழல் பாதி நாள் விழுந்தால் சோர்ந்துபோகும். தண்ணீர்? சென்னைக் கோடையில் நாளைக்குச் சுமார் ஐந்து மில்லிமீட்டர் என்று வையுங்கள். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் தண்ணீர் என்றால் ஒரு லிட்டர். நம் 14 சதுர மீட்டருக்கு 70 லிட்டர். ஏறக்குறைய ஐந்து குடம். தினமும்! 2019-ல் ஏரிகள் வறண்டு ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்ததே, அந்த மாதிரிக் கோடையில் ஐந்து குடத்தைப் புல்லில் ஊற்றிக்கொண்டு நின்றால் தெருவில் யார் முகத்தில் முழிப்பது?

அடுத்தது கத்திரிப்பு. கிரீனில் புல்லின் உயரம் மூன்றிலிருந்து ஐந்து மில்லிமீட்டர். இரண்டு ஐந்து ரூபாய் நாணயங்களை அடுக்கினால் எவ்வளவு உயரமோ, கிட்டத்தட்ட அவ்வளவு! ஒரு வெட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுத்தால் புல் அடிவாங்கும் என்பது விதி. அதனால் வளரும் பருவத்தில் தினமும், விட்டால் ஒரு நாள் விட்டு ஒரு நாள் வெட்டியாக வேண்டும். விசிறி மாதிரி சுற்றுகிற சாதாரண மெஷின் இதற்கு உதவாது. உருளையில் வளைந்த கத்திகள் வைத்து, கத்தரிக்கோல் மாதிரி நறுக்குகிற மெஷின் வேண்டும். 1830-ல் எட்வின் பட்டிங் (இவர் பெயரே அப்படி, ஆட்டத்துக்கும் இவருக்கும் சம்பந்தமில்லை) என்ற இங்கிலாந்துக்காரர், மில்லில் கம்பளித் துணியின் பிசிறு வெட்டும் இயந்திரத்தைப் பார்த்து, இதே வித்தையைப் புல்லுக்குக் காட்டினால் என்ன என்று யோசித்துச் செய்தது. இன்றைக்கும் கிரீனில் அந்தத் தத்துவம்தான் ஓடுகிறது.

தினமும் காலையில் வெட்டு, தண்ணீர், வாரம் ஒருமுறை மணல் தூவல், பூச்சி, பூஞ்சை. எட்டரை மணி பஸ்ஸைப் பிடிக்கிற ஆளுக்கு இது நடக்கிற காரியமா? நீங்களே முடிவு பண்ணுங்கள்.

பிளாஸ்டிக் பசுமை

அப்படியானால் செயற்கைப் புல். தண்ணீர் வேண்டாம், வெட்ட வேண்டாம். இதில் முதல் ஏமாற்று என்ன தெரியுமா? கடையில் கைவைத்தால் மெத்தென்று இருக்கும் நீளப் புல். அது பால்கனியில் போட்டு செல்ஃபி எடுப்பதற்கு. பந்து அதில் உருளாது, நீந்தும். பட்டிங்குக்கென்றே அடர்த்தியாக, கட்டையாகப் பின்னிய ரகம் உண்டு. தொட்டால் தரைக் கம்பளம் மாதிரி இருக்கும். பார்க்க அழகில்லை, ஆட அதுதான்.

இரண்டாவது, அடித்தளம். புல் எதுவானாலும் பந்து உருள்வது அடியில் இருக்கிற தரையின் மேல்தான். மண் தரையானால் செடிகொடிகளை வேரோடு எடுத்து, ஜல்லி பரப்பி, அதன் மேல் கிரஷர் தூள் கொட்டி, தண்ணீர் தெளித்துத் திம்சுக் கட்டை போட்டோ மெஷின் வைத்தோ நன்றாக இறுக்க வேண்டும். பிறகு நீள மட்டக்கோலை நாலு பக்கமும் வைத்துப் பார்க்க வேண்டும். கொத்தனாரிடம் விட்டுவிட்டு ஆபீஸ் போய்விடாதீர்கள். ஒரு சின்னப் பள்ளம் இருந்தாலும் பந்து வீடு திரும்பும் மாடு மாதிரி தினமும் அங்கேயே போய் நிற்கும்.

மொட்டை மாடி என்றால் கதை வேறு. செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு, தட்டோடு பதித்து, மழைநீர் ஒழுகாமல் இருக்க ஒரு ஏற்பாடு செய்திருக்கிறார்கள். அதில் ஆணி அடிப்பதோ, குழி தோண்டுவதோ கூடவே கூடாது. விதிப்படி குழியின் ஆழம் நாலு அங்குலம். மாடி கான்க்ரீட்டே பெரும்பாலும் ஐந்து அங்குலம்தான்! குழி தோண்டினால் பந்து நேராகக் கீழ்வீட்டுக் குழம்புச் சட்டிக்குப் போய்விடும். அதனால் தனியாக ஒரு பலகை மேடை கட்டி அதில் குழி வெட்டிக்கொள்வதுதான் வழி. மேடைக்கு அடியில் தண்ணீர் ஓடக் கட்டாயம் இடைவெளி விட வேண்டும். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் தண்ணீர் நேராகக் குழாய் வாய்க்குப் போக வேண்டும். அங்கே புல் மடிந்து அடைத்துக்கொண்டால் மாடி நீச்சல் குளம்.

ஒரு நல்ல சேதியும் உண்டு. மாடித் தரையிலேயே மழைநீர் போக ஒரு வாட்டம் இருக்கும். கண்ணுக்குத் தெரியாது, பந்துக்குத் தெரியும். குழாய்ப் பக்கம் மெதுவாக வளைந்து போகும். மைதானத்தில் இந்த வளைவைப் படிக்கத்தான் ஆட்டக்காரர்கள் குந்தி உட்கார்ந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்க்கிறார்கள். உங்களுக்கு அது இலவசம்.

கெட்ட சேதி, வெயில். பிளாஸ்டிக் புல் சூட்டை வாங்கி வைத்துக்கொள்ளும். அசல் புல் தண்ணீரை ஆவியாக்கித் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும். இதற்கு அந்தப் புத்தி கிடையாது. மே மாதம் மத்தியானம் வெறுங்காலோடு ஏறினால் தீமிதி. ஆட்டத்தை சாயங்காலம் வைத்துக்கொள்ளுங்கள்.

போட்ட கிரீன் நல்ல கிரீனா என்று பார்க்க ஒரு கருவி இருக்கிறது. 1935-ல் ஓக்மான்ட் மைதானத்தில் அமெரிக்க ஓபன் பார்க்கப் போன எட்வர்ட் ஸ்டிம்ப்சன் என்பவர், பெரிய ஆட்டக்காரர் ஜீன் சரசென் தட்டிய பந்து கிரீனையே தாண்டி ஓடிவிட்டதைப் பார்த்தார். ஆள் மேல் தப்பா, தரை மேல் தப்பா? கண்டுபிடிக்க ஒரு சட்டம் செய்தார். அதன் பெயர் ஸ்டிம்ப்மீட்டர். மூன்றடி நீளம், நடுவில் ஒரு வாய்க்கால், 30 அங்குலத்தில் பந்து உட்கார ஒரு பள்ளம். ஒரு முனையை மெதுவாகத் தூக்கினால் ஏறக்குறைய 20 டிகிரியில் பந்து தானே இறங்கி உருளும். எத்தனை அடி ஓடுகிறதோ அதுதான் கிரீனின் வேகம். 1970-களில் அமெரிக்காவில் ஊர் ஊராக அளந்தபோது சராசரி ஆறரை அடி பக்கம் இருந்தது. இன்றைய பெரிய போட்டிகளில் 12-ஐத் தாண்டுகிறது. சட்டம் மாதிரி எதையாவது வைத்து வீட்டிலும் அளக்கலாம். ஒரே இடத்தில் எதிரெதிர் திசையில் உருட்டிப் பார்த்து, இரண்டும் ஏறக்குறைய ஒத்துப்போனால் தரை மட்டம். இல்லையென்றால் கொத்தனாரை மறுபடி கூப்பிடுங்கள்.

எட்டு அடி போதும்

இவ்வளவு படித்தபின் 'வேணாம்ப்பா, எனக்குக் கேரம்போர்டே போதும்' என்று எழுந்துவிடாதீர்கள். கடைசியாக ஒரு சூட்சுமம் இருக்கிறது.

உலகத்தின் தலைசிறந்த தொழில்முறை ஆட்டக்காரர்கள் எட்டு அடி தூரத்திலிருந்து உருட்டினால் எத்தனை போடுவார்கள் என்று நினைக்கிறீர்கள்? தொண்ணூறு சதவீதம்? இல்லை. ஏறக்குறைய பாதிதான்! நம் ஹாலில் சோபாவிலிருந்து டி.வி. ஸ்டாண்ட் வரை உள்ள தூரம்.

அதைவிடக் கிட்டத்தில் கூடத் தப்பும். 1970 பிரிட்டிஷ் ஓபன், செயின்ட் ஆண்ட்ரூஸ். கடைசிக் குழி. டக் சாண்டர்ஸ் என்பவருக்கு சுமார் மூன்றடி. போட்டால் கோப்பை. சுற்றிலும் ஜனம் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கிறது. குனிந்து ஏதோ தூசியை எடுக்கப் போகிறார், ஒன்றுமில்லை என்று மறுபடி நிமிர்கிறார், தட்டுகிறார்... பந்து குழியின் வலது பக்கமாகப் போய்விட்டது. மறுநாள் ஜாக் நிக்லாஸுடன் பிளே-ஆஃப். ஒரே ஒரு ஷாட்டில் தோற்றார். அந்த ஓபன் கோப்பையை அவர் கடைசிவரை ஜெயிக்கவே இல்லை.

ஆக, வெல்வதும் தோற்பதும் பெரும்பாலும் மூன்றடிக்கும் எட்டு அடிக்கும் நடுவில் நடக்கிறது. அதற்குப் பத்து டன் மணல் எதற்கு? பத்தடி நீளம், இரண்டடி அகலத்தில் ஒரு துண்டு முடி குட்டையான கம்பளம் போதும். காகிதத்தில் 108 மில்லிமீட்டருக்கு ஒரு வட்டம் வெட்டி ஒரு முனையில் வையுங்கள். அதுதான் குழி. நாஸாவில் விஞ்ஞானியாக இருந்து கோல்ஃப் பயிற்சிக்கு வந்த டேவ் பெல்ஸ் ஒரு கணக்குச் சொல்லியிருக்கிறார். குழியை மூடிவிட்டால் பந்து அதைத் தாண்டி 17 அங்குலம் போய் நிற்கிற வேகம்தான் சரியான வேகம். நம் காகிதக் குழி மூடிய குழிதானே! வட்டத்தின் மேல் ஓடி ஒன்றரை அடி தள்ளி நின்றால் பாஸ்.

திசைக்கு, பந்துக்கு ஓரடி முன்னால் இரண்டு நாணயங்களைப் பந்து மட்டும் நுழைகிற இடைவெளியில் வையுங்கள். நாணயத்தைத் தொடாமல் போக வேண்டும். இது இரண்டும் கைவந்துவிட்டால் காகிதத்தை எடுத்துவிட்டு ஒரு காபி டம்ளரைப் படுக்க வையுங்கள். அதன் வாய் குழியைவிடச் சின்னது. அதில் 'டங்' என்று போட்டுப் பழகியவனுக்கு நிஜக் குழி அண்டா மாதிரி தெரியும். ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் பத்து நிமிஷம். தண்ணீர்ச் செலவு இல்லை, தேய்மானம் இல்லை, ஹவுஸ் ஓனருக்குத் தகவல் சொல்லவும் வேண்டாம்.

புல் வெட்டியவரின் பிள்ளை

பத்து நிமிஷத்தில் என்ன ஆகிவிடப்போகிறது என்று கேட்பவர்களுக்காக ஒருவரைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன்.

கல்கத்தாவில் ராயல் கல்கத்தா கோல்ஃப் கிளப் என்று ஒன்று. 1829-ல் ஆரம்பித்தது. பிரிட்டனுக்கு வெளியே உலகிலேயே பழைய கோல்ஃப் கிளப். அங்கே புல்தரையைப் பராமரிக்கும் வேலையில் ஒருவர் இருந்தார். தினமும் மற்றவர்கள் ஆடுவதற்காகக் கிரீனைச் சீராக்குபவர். அவருடைய பையன் அங்கேயே சுற்றி வளர்ந்தான். கோச் வைத்துக் கற்றுக்கொள்ள வசதியில்லை. பார்த்துப் பார்த்துத் தானே கற்றுக்கொண்டான். பெரிய உடம்பில்லை. பந்தை ரொம்ப தூரம் அடிக்கிற ஆளும் இல்லை. ஆனால் குழிக்குக் கிட்டே வந்துவிட்டால் அவனை அசைக்க முடியாது.

அந்தப் பையன்தான் எஸ்.எஸ்.பி. சவ்ரசியா. 2008-ல் டெல்லியில் இந்தியன் மாஸ்டர்ஸ் போட்டியை ஜெயித்தார். 2016, 2017 இரண்டு வருஷமும் அடுத்தடுத்து இந்தியன் ஓபன் பட்டம். குழியோரத்தில் அவர் காட்டுகிற கெட்டிக்காரத்தனத்தைப் பார்த்து, சக ஆட்டக்காரர்கள் அவர் பெயரையே 'சிப்பட்சியா' என்று மாற்றிவிட்டார்கள். சிப் என்றால் கிட்டத்திலிருந்து தூக்கிப்போடுவது, பட் என்றால் உருட்டுவது.

ஐசன்ஹோவருக்கு ஒரு சங்கமே வந்து கிரீன் போட்டுக் கொடுத்தது. சவ்ரசியாவின் அப்பா கிரீன் போட்டுக் கொடுக்கிற ஆள். மூலதனம் அங்கே, உழைப்பு இங்கே. பச்சையை யார் வேண்டுமானாலும் காசு கொடுத்து விரித்துவிடலாம் சார். தினமும் அதன் மேல் போய் நிற்பதை மட்டும் எந்தக் கடையிலும் சதுர அடிக் கணக்கில் விற்பதில்லை.

கம்பளத் துண்டை இன்றைக்கே விரிக்கலாம். டம்ளரை எடுக்கும்போது மட்டும் வீட்டில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு எடுங்கள். காலையில் காபிக்கு அது வேண்டும்!